நான்காவது கூடையில் எதைப் போடுவது? வீட்டு அபாயக் கழிவு குறித்த ஒரு விளக்கம்

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு ஆகிய முதல் மூன்றும் எவை என்பதில் பெரிய ஐயமில்லை. நான்காவதான சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு எது, அதை வீட்டில் எப்படி வைத்திருப்பது, கடைசியில் யார் கையில் கொடுப்பது என்ற கேள்விகளுக்குத்தான் தெளிவான விடை கிடைப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் குழப்பம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஏனென்றால் இங்குள்ள பல வீடுகளில் குடித்தனத்தையும் விவசாயத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. கழிப்பறை ஆசிட் வைத்திருக்கும் அதே மூலையில் மாமரத்துக்கு அடித்து மீந்த மருந்தும், பட்டுப்புழு மனையைச் சுத்தம் செய்ய வாங்கிய பார்மலினும் இருக்கும்.

இத்தகைய பொருள்களை அழிக்கும் வசதி எந்த வீட்டிலும் இல்லை என்பதே இங்கு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. தேவைக்கு மட்டும் வாங்குவது, வாங்கியதைத் தீரப் பயன்படுத்துவது, மீந்ததை வேறெதனுடனும் கலக்காமல் மூடி வைத்து உரிய இடத்தில் ஒப்படைப்பது ஆகியவற்றோடு வீட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிக் கொளுத்தினாலும் புதைத்தாலும் சாக்கடையில் ஊற்றினாலும் ஆபத்து இடம் மாறுமே தவிர ஒழியாது.

## எவையெல்லாம் இதில் அடங்கும்

இந்தப் பிரிவு முழுவதும் புதியதன்று. 2016-ஆம் ஆண்டின் விதிகளே "வீட்டு அபாயக் கழிவு" என்று ஒரு வகையை வரையறுத்து, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பழைய பேட்டரி, பயன்படுத்திய ஊசி ஆகியவற்றைப் பட்டியலிட்டிருந்தன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பொருளை அபாயமானதாக ஆக்கும் நான்கு குணங்களை அறிந்துகொள்வது பயன் தரும்.

1. அரிக்கும் குணம்: கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலம், குழாய் அடைப்பை நீக்கும் காஸ்டிக் சோடா.
2. தீப்பற்றும் குணம்: ஆயில் பெயிண்ட், தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய், அழுத்த வாயு நிரப்பிய கொசு ஸ்பிரே.
3. வினைபுரியும் குணம்: தனியே இருக்கும்வரை அடங்கியிருந்து, இன்னொன்றோடு சேரும்போதோ சூடாகும்போதோ அடிபடும்போதோ சீறுபவை. பிளீச்சிங் பவுடரும் வீங்கிய செல்போன் பேட்டரியும் இதற்கு உதாரணங்கள்.
4. நச்சுக் குணம்: பூச்சிமருந்து, எலி மருந்து, பாதரசம், ஈயம், பலவகை மாத்திரைகள்.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று குணங்கள் இருக்கலாம். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியில் அரிக்கும் அமிலமும் நச்சான ஈயமும் சேர்ந்தே இருக்கின்றன. பூச்சிமருந்தைப் பொறுத்தவரை டப்பாவின் மேலுள்ள வண்ண முக்கோணமே வழிகாட்டி: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்த நிலை, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்றால் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை.

## பாறை நிலத்தில் ஊற்றினால் என்ன ஆகும்

மண்ணில் ஊற்றினால் மண் வடிகட்டிவிடும் என்ற எண்ணம், ஆழமான வண்டல் படிந்த ஆற்றுப் படுகைகளில் ஓரளவுக்காவது பொருந்தக்கூடும். இவ்விரு மாவட்டங்களின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் வகைக் கடினப் பாறையால் ஆனது. பல இடங்களில் மேல்மண் மெல்லியது. அதற்குக் கீழே நிலத்தடி நீர் தங்குவதும் நகர்வதும் பாறையின் வெடிப்புகளில்தான். மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள வடிகட்டும் திறன் வெடிப்புக்குக் கிடையாது. ஒரு கொல்லையின் மூலையில் ஊற்றியது, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு அதிகம் நீர்த்துப்போகாமலே சென்றுவிட முடியும். அது அடுத்த கொல்லைக் கிணறாகவும் இருக்கலாம், ஊற்றியவரின் சொந்தக் கிணறாகவும் இருக்கலாம்.

நிலத்தடி நீர் கெட்டால் அதற்கு மாற்றுத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது இந்தப் பகுதிக்குத் தெரியாததல்ல. பாறையிலிருந்து இயற்கையாகக் கரையும் ஃப்ளூரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்ததால்தான், ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃப்ளூரைடை ஊராட்சிகளில் பயன்படுத்தும் எளிய பரிசோதனைப் பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். பூச்சிமருந்தின் எச்சத்தைக் கண்டறிய அந்தப் பெட்டி உதவாது. விலை உயர்ந்த கருவிகள் உள்ள ஆய்வகம் வேண்டும். ஆகவே கிணற்றில் அது கலந்திருந்தாலும் தண்ணீரின் நிறத்திலோ சுவையிலோ மாற்றம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் குடிக்கப்படக் கூடும்.

சாக்கடையில் ஊற்றுவதும் இதே கதைதான். பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளில் கழிவறை நீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. அங்கே கழிவைச் சிதைக்கும் வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். ஆசிட்டையும் பினாயிலையும் பார்மலினையும் அளவுக்கு மீறி ஊற்றினால் அவை மடிந்து, சிதையாத கழிவு நிலத்தில் இறங்குகிறது. திறந்த வாய்க்காலில் ஊற்றியது ஏரிக்கோ தென்பெண்ணைக்கோ சேர்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்து, பெங்களூரிலிருந்து வரும் சோப்புக் கலந்த கழிவுநீரைக் குறை சொல்கிறோம். அந்தக் குறை நியாயமானதே. அணைக்குக் கீழே நாம் சேர்ப்பதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் மருந்து டப்பாவைக் கொளுத்தினால் எஞ்சிய மருந்து புகையாகிறது. பிவிசி கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின் எனும் நீடித்த நஞ்சு உருவாகிறது. கொசு ஸ்பிரே டப்பா நெருப்பில் வெடிக்கிறது.

## இரண்டு பொருள்கள் சேரும்போது

உடனடி உயிராபத்து கலப்பதில்தான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் நேர்கிறது. கழிப்பறைக் கறைக்கு ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். கறை முழுதாகப் போகவில்லை. அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்ததும் குளோரின் வாயு வெளிவருகிறது. அது காற்றைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே உள்ள சிறு ஜன்னல் வழியாக எளிதில் வெளியேறாமல் தரையை ஒட்டித் தங்குகிறது. குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முதலில் மூக்கு எரிந்து கண்ணில் நீர் வழியும், அடுத்து இருமல் வரும். அத்தோடு சரியாகிவிட்டதாகத் தோன்றினாலும், அதிகம் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரக்கூடும்.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவை:

1. எதையும் எடுக்கவோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடவோ நிற்காமல், கதவைத் திறந்தபடி விட்டு வெளியேற வேண்டும்.
2. திறந்த வெளிக்குச் சென்று, கண்ணையும் தோலையும் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும்.
3. இருமல் நிற்காவிட்டாலோ மார்பு இறுகினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். சேர்ந்த இரண்டு பொருள்கள் எவை என்பதை மருத்துவரிடம் சொல்வது சிகிச்சையை விரைவுபடுத்தும்.

பிளீச்சிங் திரவத்தோடு அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் குளோரமின் எனும் வேறொரு நச்சு வாயு வரும். பட்டு வளர்ப்பவர்கள் மனையைக் கிருமிநீக்கம் செய்யப் பார்மலினும் பிளீச்சிங் பவுடரும் வாங்குகிறார்கள். இரண்டையும் தனித்தனி இடத்தில், ஆசிட்டுக்கு எட்டாத தொலைவில் வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. ஆசிட்டை நீர்க்க வைக்க நேர்ந்தால் தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும்.

## பூச்சிமருந்தும் அதன் காலி டப்பாவும்

கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள், ஓசூரின் ரோஜாக் குடில்கள், பாலக்கோட்டின் தக்காளி ஆகிய மூன்றுமே மருந்தடிப்பை நம்பியவை. அதனால் இந்தப் பகுதியில் நான்காவது கூடையில் சேரக்கூடிய பொருள்களில் மிக ஆபத்தானது பூச்சிமருந்துதான்.

காலி டப்பா என்று நாம் சொல்வது உண்மையில் காலியாக இருப்பதில்லை. கவிழ்த்து வடித்த பிறகும் உட்சுவரில் மருந்து ஒட்டியிருக்கும். காய்ந்துவிட்டால் அது கழுவினாலும் எளிதில் போகாது. ஆகவே டப்பாவைக் கழுவ வேண்டிய நேரம், டேங்கில் மருந்தைக் கலக்கும் அதே நேரம்தான். முறை வருமாறு:

1. மருந்தைக் கடைசிச் சொட்டு வரை டேங்கில் வடிக்க வேண்டும்.
2. டப்பாவில் கால் பங்கு நல்ல தண்ணீர் விட்டு, மூடியைத் திருகி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும்.
3. அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். இதை மூன்று முறை செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மருந்து வீணாகாமல் இருப்பது இதில் கூடுதல் லாபம்.
4. கழுவிய டப்பாவின் அடியில் ஆணியால் இரண்டு மூன்று துளை போட்டுவிட வேண்டும். துளை விழுந்த டப்பாவில் யாரும் எண்ணெயோ மோரோ தண்ணீரோ பிடித்து வைக்க மாட்டார்கள்.

இந்தக் கழுவலைக் கிணற்றடியிலோ மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியிலோ வாய்க்காலிலோ செய்யக் கூடாது. மல்பெரித் தோட்டத்தின் அருகிலும் கூடாது: பட்டுப்புழு பூச்சிமருந்தைச் சிறிதும் தாங்காது, மருந்து பட்ட இலை ஒரு பருவக் கூட்டையே இல்லாமல் செய்துவிடும்.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், காலிக் கலன்கள் மறுபயன்பாட்டுக்குப் போகாதபடி அவற்றை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கின்றன. அவை நீரை மாசுபடுத்தாமல் பார்த்துக்கொள்ளும் கடமையைத் தயாரிப்பாளர் மீதும் மருந்தடிப்பவர் மீதும் சுமத்துகின்றன. மேல்மண் மெல்லிய, கிணறுகள் நெருங்கிய நிலத்தில் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது எளிதன்று. கழுவித் துளையிட்ட டப்பாக்களைச் சாக்கில் கட்டி ஒப்படைப்பதே இங்கே பொருத்தமான வழி.

பழைய மருந்து முழுதாகவே மீந்திருந்தால் நிலைமை வேறு. எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று தடை விதித்தது. ஆனாலும் மோட்டார் ரூம் அலமாரிகளில் அதன் பழைய டப்பாக்கள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைத் தீரப் பயன்படுத்தவும் கூடாது, ஊற்றவும் கூடாது. பெயர்ச்சீட்டைக் கிழிக்காமல், டப்பா கசிந்தால் அதைவிடப் பெரிய மூடியுள்ள வாளிக்குள் உலர்ந்த மண்ணோ மரத்தூளோ போட்டு நிறுத்தி வைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவிக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது உடலுக்குள் போனால் ஓரிரு நாள் ஒன்றுமில்லாதது போல இருந்து, பிறகு கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். அறிகுறி தெரியவில்லை என்பதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

## மற்றப் பொருள்கள்

பாதரசம். பழைய வெப்பமானி உடைந்தால் பாதரசம் உருண்டைகளாக ஓடும். விளக்குமாற்றால் கூட்டினால் ஒவ்வொரு உருண்டையும் பத்தாகச் சிதறி ஆவியாகும் பரப்பு கூடுகிறது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி அள்ளி, மூடியுள்ள பாட்டிலில் அடைக்க வேண்டும். மீந்த துகள்களை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து அதே பாட்டிலில் போடலாம். சிஎஃப்எல் பல்பிலும் டியூப் லைட்டிலும் இருப்பது சில மில்லிகிராம் மட்டுமே. உடைந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் அறையைக் காற்றோட விட்டு, அதே முறையில் அள்ளினால் போதும். எல்இடி பல்பில் பாதரசம் இல்லை என்றாலும் அது மின்னணுக் கழிவில் சேரும்.

பேட்டரி. இன்வெர்ட்டர், வண்டி பேட்டரிகளை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் வைக்கின்றன. கூடுதலாகக் கொஞ்சம் பணம் கிடைக்கிறது என்று பழைய இரும்புக் கடையில் போட்டால், ஈயத்துக்காக அதை உடைப்பவர்கள் அமிலத்தை அங்கேயே மண்ணில் கொட்டிவிடக்கூடும். செல்போன் பேட்டரி வீங்கியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது; முனைகளில் டேப் ஒட்டி, தீப்பிடிக்காத கலனில் தனியே வைக்க வேண்டும். பொம்மைகளில் வரும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மருந்து மாத்திரை, ஊசி. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தவறான கையில் சிக்கினால் உயிரைப் பறிக்கக்கூடிய 17 வகை மருந்துகளை மட்டும் கழிவறையில் ஊற்றி நீக்கச் சொல்லியிருக்கிறது. டிரமடால் போன்ற கடும் வலிநிவாரணிகள் அதில் அடக்கம். மற்ற எதற்கும் அந்த வழி பொருந்தாது. குறிப்பாக, மீந்த ஆன்டிபயாடிக் நீரில் கலப்பது மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகத் துணைபோகும். மீந்த மாத்திரைகளை, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து மூடிய பையில் கட்டி, நான்காவது கூடையில் சேர்க்க வேண்டும். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகிவிட்டால், குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைக் காவலரின் விரலில் அது ஏறாது.

பெயிண்ட். தண்ணீர் கலக்கும் பெயிண்ட் கொஞ்சம் மீந்திருந்தால் மணல் கலந்து காயவிட்டு ஒப்படைக்கலாம். ஆயில் பெயிண்டும் தின்னரும் மூடிய டப்பாவிலேயே இருக்கட்டும்.

## வாங்கிக்கொள்பவர் யார்

2016-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும் அபாயக் கழிவைப் பெறும் மையம் ஒன்றை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்றன. நடைமுறையில் வீட்டுக்கு வரும் பேட்டரி வண்டியில் பச்சை, நீலக் கூடைகளோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஊராட்சியின் நுண் உரக்கிடங்கு மக்கும் குப்பைக்கானது. அங்கே மருந்து டப்பாவைப் போடுவது உரத்தைக் கெடுக்கவே செய்யும்.

இந்த இடைவெளிக்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. ஊரில் சேரும் அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காட்டும் அனுமதி பெற்ற வளாகத்துக்குத்தான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அத்தகைய பொது வளாகம் இருக்கிறது. ஓசூரிலிருந்து அது 300 கிலோமீட்டருக்கும் அதிகம். ஓர் ஊராட்சியின் ஒரு மாதத்துக் கழிவு சில சாக்குகளுக்கு மேல் இருக்காது. அதற்காக மட்டும் வண்டி வைத்து அனுப்ப எந்த ஊராட்சியாலும் முடியாது. பல ஊராட்சிகளின் கழிவை ஒன்றிய அளவில் பூட்டிய அறையில் சேர்த்து, ஆண்டுக்கு ஓரிரு முறை மொத்தமாக அனுப்பினால்தான் செலவு கட்டுப்படியாகும். ஆகவே நான்காவது கூடையின் வெற்றி தோல்வியை முடிவு செய்யப்போவது வீடுகளைவிட இந்த இடைநிலைச் சேமிப்பு அறைதான் என்பது என் கருத்து.

ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி மற்றும் தருமபுரி நகராட்சிகளில் வசிப்போர் தம் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடமும், கிராமங்களில் வசிப்போர் ஊராட்சிச் செயலரிடமும் முதலில் கேட்கலாம். அங்கே வழி கிடைக்காதபோது தருமபுரியிலும் ஓசூரிலும் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகங்களுக்கு எழுதலாம்.

## ஒப்படைக்கும் வரை

1. எதையும் அதன் சொந்தக் கலனிலிருந்து மாற்றக் கூடாது. மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதால், தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும் குழந்தைகளும் பெரியவர்களும் உண்டு.
2. ஆசிட் ஓரிடம், பிளீச்சிங் பவுடர் ஓரிடம், தீப்பற்றுபவை அடுப்புக்கும் இன்வெர்ட்டருக்கும் எட்டாத வேறோரிடம்.
3. சிமெண்டு ஓட்டுக் கூரைக்கு அடியில் கோடையில் ஏறும் வெப்பம் ஸ்பிரே டப்பாவுக்கும் தின்னருக்கும் ஆகாது. நிழலான, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய இடம் வேண்டும்.
4. யாரேனும் எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆசிட் மேலே வரும்போது உணவுக்குழாயை மீண்டும் அரிக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடைபெறுகிறது. அபாயக் கழிவுக்குத் தனிச் சேமிப்பு இடம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர விரும்புவோர் அதில் மூன்று விவரங்களைச் சேர்த்தால் அதிகாரிகள் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்: ஊரில் எவ்வகைக் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற தோராயக் கணக்கு, பூட்டும் சிமெண்டுத் தரையும் உள்ள அறை எங்கே இருக்கிறது என்ற தகவல், பக்கத்து ஊராட்சிகளில் எவை இதில் சேர ஒப்புக்கொண்டுள்ளன என்ற பட்டியல்.